என் பெட்டியில் மட்டும் ஏறிய மருந்து

துப்பாக்கிக் கிளப்பில் சேருவதற்குப் பதில் பேசாமல் ஷட்டில் ஆடப் போயிருக்கலாம் என்று அந்த வருடம் முழுக்க நான் புலம்பாத ஞாயிற்றுக்கிழமை கிடையாது. இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. மேட்டுப்பாளையம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு பித்தளை உதிரிபாகக் கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தேன். நாள் முழுக்க மைக்ரோமீட்டரும் வெர்னியரும் பிடித்து அளக்கிற வேலை. வலது கைதான் எனக்குச் சோறு போட்டது. அதே கையால் ஞாயிறு தோறும் சேதராப்பட்டு தாண்டி ஒரு செம்மண் மேட்டடியில் போய்ப் பிஸ்டல் சுட்டுக்கொண்டிருந்தேன். "விரல் ஒண்ணு போச்சுன்னா கம்பெனில சும்மா உக்கார வெச்சு சம்பளம் குடுப்பானா?" என்று என் வீட்டுக்காரர் வாராவாரம் கேட்பார். நானும் வாராவாரம் கிளம்பிவிடுவேன்.

கிளப்பில் இருந்தது ஒரே ஒரு செமி-ஆட்டோமேட்டிக் பிஸ்டல். சுட்டதும் அதன் மேல்பாகம், ஸ்லைடு என்பார்கள், தானே பின்னால் போய்க் காலிக்கூட்டை வெளியே தள்ளிவிட்டு அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ள வேண்டும். எங்கள் பிஸ்டல் அதைச் செய்யாது. கடையில் கிடைத்த தோட்டாக்களில் வெடிமருந்துக்கு வேகம் போதவில்லை. ஸ்லைடு பாதி வழி போய்த் திரும்பும். காலிக்கூடு நடுவில் நட்டுக்கொண்டு நிற்கும். வேகமாகச் சுட வேண்டிய சுற்றில் ஒருமுறை அப்படி மாட்டினால் அந்தச் சுற்றே போய்விடும். முந்தின வருட அணித் தேர்வில் எனக்கு இரண்டு சுற்று அப்படிப் போயிற்று. வீட்டுக்கு வந்து அழுதேன். துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில்.

கிளப்பின் செயலாளரை எல்லோரும் முசியே, பிரெஞ்சில் ஐயா, என்றுதான் கூப்பிடுவோம். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்துவிட்டு பென்ஷனோடு கருவடிக்குப்பத்தில் வந்து உட்கார்ந்தவர். ராணுவத்தில் இருந்த காலத்தில் தோட்டாக்களைத் தானே நிரப்பிப் பழகியவர். வலது ஆள்காட்டி விரல் பாதிதான் இருக்கும். ஒருமுறை மருந்து அதிகமாகிப்போன தோட்டா பிஸ்டலுக்குள்ளேயே வெடித்ததில் போனது. மிச்சமிருந்த பாதி விரலால்தான் எதையும் சுட்டிக் காட்டுவார். 

கிளப்பிலேயே தோட்டா நிரப்பிக்கொள்ள அவர் அனுமதி வாங்கினார். அதற்கு நாங்கள் ஏறி இறங்கிய ஆபீஸ்களைப் பற்றி எழுதினால் எனக்கு ரத்த அழுத்தம் ஏறும், விட்டுவிடுகிறேன். அனுமதி வந்த அன்றைக்கே அவருடைய கார் ஷெட்டில் மேஜை போட்டு எங்களை உட்கார வைத்துப் பாடம் எடுத்தார். தோட்டா நிரப்புவதற்கென்று இருக்கிற புத்தகத்தில் போட்டிருக்கும் குறைந்த அளவில் ஆரம்பிக்க வேண்டும். ஒரு துளி ஏற்றி, கொஞ்சம் தோட்டா மட்டும் செய்து, சுட்டு, காலிக்கூடுகளைப் பொறுக்கி வந்து ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். கூட்டின் அடியில் மருந்தைப் பற்றவைக்க இருக்கிற கேப்பின் விளிம்பு உருண்டையாக இருந்தால் சரி. தட்டையாகிவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறுகிறது என்று அர்த்தம். அடிப்பக்கம் புடைத்திருந்தால் அதோடு நிறுத்த வேண்டும். பிஸ்டல் ஒழுங்காக வேலை செய்கிற இடம் வந்ததும் அதற்கு மேல் ஒரு துளியும் கூடாது.

"தூஸ்மான், தூஸ்மான்," என்பார். பிரெஞ்சில் மெதுவா என்று அர்த்தம். சொல்லும்போது பாதி விரல் காற்றில் ஆடும்.

மருந்தை எடைபோடுகிற வேலையை, கிளப்பில் என்னோடு சுட்டுக்கொண்டிருந்த பாயிடம் கொடுத்தார். பாய் பஜாரில் வாசனைச் சாமான் கடை வைத்திருந்தவர். ஏலக்காய், கிராம்பு, ஜாதிபத்திரி, குங்குமப்பூ என்று விலை உயர்ந்த சரக்கையெல்லாம் சின்னத் தராசில் போட்டுப் போட்டு அவர் கை அப்படிப் பழகியிருந்தது. கிளப்பிலும் நகைக்கடையில் வைத்திருப்பது போன்ற கண்ணாடிப் பெட்டித் தராசுதான், இரண்டு தட்டு, நடுவில் முள். அதன் முன்னால் உட்கார்ந்தால் பாய் மூச்சு விடுகிற சத்தம்கூடக் கேட்காது. நான் அவருக்கு முதுகு காட்டி எதிர் மேஜையில் உட்கார்ந்து, அவர் மருந்து கொட்டித் தந்த கூடுகளில் குண்டைப் பொருத்தி நீளம் அளப்பேன். வேலை நடக்கும்போது யாரும் பேசக் கூடாது, திரும்பக் கூடாது, போன் எடுக்கக் கூடாது என்று முசியே சட்டம். எங்கள் மூன்று பேரில் அந்தச் சட்டத்தை மதித்தவள் நான் ஒருத்திதான். அதுதான் வினையாயிற்று.

ஆளுக்கு ஆள் பிடி வேறுபடும், மணிக்கட்டு தளர்ந்தாலும் ஸ்லைடு மாட்டும் என்பதால் ஒவ்வொரு அளவிலும் எனக்கு ஒரு பெட்டி, பாய்க்கு ஒரு பெட்டி செய்யச் சொன்னார் முசியே. எனக்குச் சிவப்பு மூடி, பாய்க்குப் பச்சை. இரண்டிலும் ஒரே மருந்து, ஒரே அளவு, ஒரே குண்டு.

முதல் இரண்டு படியிலும் இருவருக்கும் கூடு மாட்டியது. மூன்றாவது படியில் எனக்கு மட்டும் மாட்டவில்லை. ஸ்லைடு அழகாகப் போய் வந்தது. நான் குதிக்காத குறை. ஆனால் காலிக்கூடுகளைப் பொறுக்கி வந்து பார்த்தால், கேப்புகள் எல்லாம் மாவு உருண்டையைக் கட்டைவிரலால் அழுத்தினது போல் தட்டையாகக் கிடந்தன. பாயுடையவை உருண்டையாக, ஒழுங்காக இருந்தன. அவருக்குப் பிஸ்டல் பழையபடியே மாட்டிக்கொண்டிருந்தது.

"எனக்கு இன்னும் மாட்டுது முசியே, இன்னும் ஒரு படி ஏத்தலாம்," என்றார் பாய்.

"என்னோடத பாத்துட்டுப் பேசுங்க பாய்," என்றேன்.

"உனக்கு எப்படியோ வருது. எனக்கு வரலையே."

ஒரே பிஸ்டல், ஒரே தோட்டா, இரண்டு கை. ஆகவே தப்பு கையில்தான் என்று முசியே முடிவு கட்டினார். முதலில் பாயின் மணிக்கட்டு தளர்வு என்றார். பாய் ஒத்துக்கொள்ளவில்லை. பிறகு என் பிடியில் ஏதோ கோளாறு என்றார். பொம்பளைக் கை எப்படித் தோட்டாவின் கேப்பைத் தட்டையாக்கும் என்று நான் கேட்டேன். அப்புறம் வெயில் மேல் பழி போட்டார். கத்திரி வெயில், மருந்து சூடாகிறது என்று சொல்லி விடிந்ததும் வரச் சொன்னார். விடிந்ததும் போனோம். கேப்பு அப்போதும் தட்டைதான். கடைசியில் குண்டை நீ ரொம்ப ஆழமாக அழுத்துகிறாய், அதனால்தான் உள்ளே இடம் குறைந்து அழுத்தம் ஏறுகிறது என்றார்.

அதில்தான் எனக்குச் சுருக்கென்று ஏறியது. காலையில் இருந்து சாயங்காலம் வரை அளப்பதுதான் என் பிழைப்பு. இரண்டு பெட்டியிலும் இருந்த அத்தனை தோட்டாவையும் அவர் முகத்துக்கு நேரே வைத்து வெர்னியரில் அளந்து காட்டினேன். ஒரு முடி அளவு வித்தியாசம் இல்லை. "சரிம்மா, சரிம்மா," என்று தோளைக் குலுக்கினார். மன்னிப்பு மட்டும் அந்த வாயில் வரவில்லை.

அப்படியானால் எடையைப் பாருங்கள் என்றேன். முசியே பாயிடம் சொன்னார். பாய் ஒரு தோட்டாவைப் பிரித்து, மருந்தைத் தட்டில் கொட்டி எடைபோட்டார். முள் நடுவில் ஆடாமல் நின்றது. மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். அளவு சரியாகத்தான் இருந்தது. அவர் எடுத்தது பச்சை மூடிப் பெட்டியிலிருந்து என்பதை நான் கவனித்தேன், ஆனால் அதில் என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டேன். பின்னால் கேட்டபோது, "அடுத்தவங்க சரக்குல எப்படி நான் கை வெக்கிறது?" என்றார் பாய். இந்த மனுஷனை என்ன செய்ய?

நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல நாலாவது படி ஏற்றினார்கள். இரண்டு ஓட்டு அந்தப் பக்கம், ஒரு ஓட்டு இந்தப் பக்கம். முதல் தோட்டாவிலேயே உள்ளங்கை எரிந்தது. காலிக்கூடு பக்கத்து மேஜையைத் தாண்டிப் போய் விழுந்தது. பிஸ்டலைக் கீழே வைத்துவிட்டு அதைப் பொறுக்கி வந்தேன். அடிப்பக்கம் ஒரு ஓரமாகப் புடைத்திருந்தது. சின்னப் புடைப்புதான், ஆனால் நகத்தால் தடவினால் தெரிந்தது.

முசியே அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். 

"அன்னிக்கி எனக்கும் இதே மாதிரி ஒண்ணு வந்துச்சும்மா," என்றார். "நான் பாக்கல. அடுத்தத அடிச்சேன்."

 வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டேன். அதற்குள் நான் வைத்த பிஸ்டலில் தன் தோட்டாவைச் சுட்டிருந்த பாயின் குரல் பின்னாலிருந்து வந்தது: "எனக்கு மறுபடி மாட்டிக்கிச்சு முசியே. இன்னும் ஒரே ஒரு படி."

நான் என்ன கத்தினேன் என்று முழுதாக நினைவில்லை. கேட்டவர்கள் பின்னால் சொன்னதை வைத்துப் பார்த்தால் நினைவில்லாததே நல்லது.

அடுத்த ஞாயிறு போகக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் ஆத்திரம் என்னை வீட்டில் இருக்க விடவில்லை. பாய் வருவதற்கு முன்னால் செம்மண் மேட்டுக்குப் போய், நாலாவது படியில் அவருடைய பச்சைப் பெட்டியில் மிச்சமிருந்ததை எடுத்தேன். கோளாறு என் கையில் என்றால் அவருடைய தோட்டாவும் என் கையில் அதே கோளாறைக் காட்ட வேண்டும் அல்லவா? ஒன்றை மட்டும் ஏற்றிச் சுட்டேன். உதை சாதாரணமாக இருந்தது. கேப்பு உருண்டையாக இருந்தது. அடுத்து இன்னொன்று. ஸ்லைடு பாதியில் நின்று காலிக்கூடு மாட்டிக்கொண்டது. பாய்க்கு மாட்டுகிற மாதிரியே எனக்கும் மாட்டியது.

அப்போதுதான் விளங்கிற்று. வித்தியாசம் கையில் இல்லை, பெட்டியில்.

சிவப்புப் பெட்டியை நான் சுடவில்லை. அப்படியே எடுத்துக்கொண்டு முசியே வீட்டுக்குப் போய்ச் தோட்டா பிரிக்கிற சுத்தியல் மாதிரியான ஒரு கருவியில் ஒன்றைப் போட்டு, தட்டிக் குண்டைப் பிரித்து, மருந்தைத் தராசில் கொட்டினேன். தட்டு தாழ்ந்தது. இன்னொன்றைப் பிரித்தேன். அதுவும் தாழ்ந்தது. பெட்டி முழுக்கப் பிரிக்கவில்லை, பிரித்ததெல்லாம் தாழ்ந்தது. சிலது கொஞ்சம், சிலது ஏகத்துக்கு. முசியே நெற்றியைப் பிடித்துக்கொண்டு பிரெஞ்சில் ஒரு வார்த்தை சொன்னார். அது எந்த வீட்டிலும் சொல்லக் கூடாத வார்த்தை என்று எனக்கே தெரியும்.

பாய் பதினொரு மணிக்கு அங்கே வந்தார். கையில் எங்களுக்காகச் சமோசா.

"பாய், இது யாரு பொட்டி?"

"உன்னோடது."

"அது?"

"என்னோடது. என்னா ஆச்சு?"

"ரெண்டுலயும் ஒரே அளவா போட்டீங்க?"

"ஒரே அளவுதான்மா. தராச பாத்துதான போடறேன்."

"எங்க, இப்ப எனக்கு ஒண்ணு போடுங்க, பாக்கறேன்."

உட்கார்ந்தார். எடைக்கல்லை வைத்தார். கரண்டியில் மருந்தை எடுத்து மெல்லத் தட்டிக்கொண்டே வந்தார். முள் நடுவுக்கு வந்து நின்றது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். அவருடைய ஆள்காட்டி விரல் தன் பாட்டுக்குக் கரண்டியின் காம்பை இன்னொரு தட்டுத் தட்டியது. தட்டு தாழ்ந்தது. பாய் திருப்தியாக அதை எடுத்துக் கூட்டில் கொட்டினார்.

"இப்ப என்னா பண்ணீங்க?"

"என்னா பண்ணேன்?"

"முள்ளு நின்னதுக்கு அப்பறம் இன்னொரு தட்டு தட்டுனீங்களே."

பாய் என்னைப் பார்த்த பார்வையில் ஒளிவு மறைவு எதுவும் இல்லை. சூரியன் கிழக்கில்தானே உதிக்கும் என்று சொல்கிற குரலில் சொன்னார்: "அடுத்தவங்களுக்கு நிறுக்கறப்ப தட்டு கொஞ்சம் தாழணும்ல. வீட்டுக்கு எடுக்கறப்பதான் மட்டமா எடுக்கறது."

எனக்குச் சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை. வெயில், மணிக்கட்டு, பிடி, ஆழம் என்று வாரக்கணக்கில் நாங்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தோம். இந்த மனுஷர் தனக்குச் சரியாகப் போட்டுக்கொண்டு, அது போதவில்லை என்று படி ஏற்றச் சொல்லிக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் எனக்கு மேலே மேலே வாரிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"இது என்னா ஏலக்காயா பாய்?" என்று கத்தினேன். "ரெண்டு கூட விழுந்தா பாயசம் மணக்கும்னு விட்டுர? இது வெடிக்கறது! இந்தக் கையில வெடிக்கறது!" கையை அவர் முகத்துக்கு முன்னால் நீட்டினேன். பிறகு முசியேவின் கையைப் பிடித்து இழுத்து அந்தப் பாதி விரலையும் காட்டினேன். "அடுத்தத அடிச்சிருந்தா எனக்கும் இதுதான்."

பாய் அந்த விரலைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. 

"குறைச்சுப் போட்டா பாவம்னு எங்க வாப்பா அடிச்சு சொல்லிக் குடுத்தாரு," என்றார். "கூடப் போட்டா பாவம்னு யாருமே சொன்னதில்லம்மா."

  எனக்குக் கோபம் மட்டும் அப்படியே இருந்தது.

சிவப்புப் பெட்டிகளில் மிச்சமிருந்த அத்தனை தோட்டாவையும் அவரே பிரித்தார். எங்களை யாரையும் தொட விடவில்லை. சமோசா ஆறிப்போய் முசியேவின் நாய்க்குப் போயிற்று. அன்றைக்குப் போன பாய் அடுத்து வந்த ஞாயிறுகளில் வந்தார், ஆனால் தராசுப் பக்கம் போகவில்லை. எடைபோடுகிற வேலை என்னிடம் வந்தது. எனக்கு அளக்க வரும், நிறுக்க வராது. ஒரு துளி கூடும், எடுத்தால் ஒரு துளி குறையும், முள் பேயாட்டம் ஆடும். ஒரு பெட்டி முடிவதற்குள் மதியச் சாப்பாடு போய்விட்டது. தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. முசியே கொட்டாவி விட்டார். பாய் ஷெட் வாசலில் குந்திக்கொண்டு தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். தப்பு செய்தவர் அவர், கெஞ்ச வேண்டியவள் நான். இதற்கும் ஒரு கோபம் வந்தது.

"வந்து போடுங்க பாய்," என்றேன்.

"என் கை மேல எனக்கே நம்பிக்கை இல்லம்மா."

"எனக்குப் போட வேணாம். உங்களுக்கே போடுங்க. ரெண்டு பொட்டியும் பச்ச மூடி. நான் ஒண்ணுலேர்ந்து எடுத்துக்கறேன்."

கொஞ்சம் யோசித்தார். "அதெப்படி? நீ அடிக்கப்போறேன்னு கைக்குத் தெரியும்ல?"

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது. அடித்துக்கொண்டேன்கூட. "அப்ப என்னை உங்க வீட்டு ஆளுன்னு நெனச்சுக்குங்க! வீட்டுக்குப் போடற மாதிரி போடுங்க! அவ்ளோதான்!"

கத்தினதுதான், கனிந்து சொன்னதில்லை. ஆனால் பாய் தலையைத் தூக்கி என்னையே பார்த்தார். எழுந்து வந்து தராசின் முன்னால் உட்கார்ந்தார்.

முதல் படியிலிருந்து மறுபடி ஆரம்பித்தோம். பேசாதே, திரும்பாதே என்கிற முசியேவின் சட்டத்தில் திரும்பாதே என்பதை நான் அன்றோடு ரத்து செய்தேன். பாயின் தோளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு ஒவ்வொரு எடையையும் பார்த்தேன். இரண்டு பெட்டியிலிருந்தும் அங்கொன்று இங்கொன்று எடுத்து முசியே தனியாக மறுபடி எடை பார்த்தார். முள் நடுவுக்கு வரும். பாயின் விரல் எழும். அந்தரத்தில் நிற்கும். "வீட்டுக்கு," என்று வாய்க்குள் முணுமுணுப்பார். விரல் இறங்கிவிடும். ஒவ்வொரு தோட்டாவுக்கும் இதே கூத்து.

இந்த முறை இரண்டு பேர் கூடுகளும் ஒரே மாதிரி வந்தன. ஒரே மாதிரி மாட்டின, ஒரே மாதிரி கேப்பு உருண்டையாக இருந்தது. பாயின் பச்சைப் பெட்டி முன்பு நின்ற படியைத் தாண்டி, புத்தகத்தின் எல்லைக்கு இந்தப் பக்கமாகவே ஒரு அளவுக்கு வந்து சேர்ந்தோம். அதை முதலில் சுடுகிறவள் நான் என்றேன். பாய் தானே சுடுகிறேன் என்றார். அதற்கும் ஒரு சண்டை. நான் ஜெயித்தேன்.

கண்ணாடியும் காதடைப்பும் மாட்டிக்கொண்டு நின்றேன். மேகசினில் ஒரே ஒரு தோட்டா.  சுட்டேன். ஸ்லைடு முழுசாகப் பின்னால் போயிற்று. கூடு சுத்தமாக வெளியே விழுந்தது. இன்னொன்று, பிறகு மேகசின் நிறைய. ஒன்றும் மாட்டவில்லை. கூடுகளைப் பொறுக்கி முசியேவிடம் கொடுத்தேன். ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "ஸ்தோப். இதுக்கு மேல ஒரு துளி கிடையாது," என்றார்.

பாய் கூடுகளையும் பார்க்கவில்லை, இலக்குப் பலகையையும் பார்க்கவில்லை. நான் சுட்ட நேரமெல்லாம் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு நின்றிருக்கிறார்.

"கையக் காட்டு," என்றார்.

விரல்களை விரித்துக் காட்டினேன். குனிந்து ஒவ்வொரு விரலாகப் பார்த்தார்.

"கோவம் போயிடுச்சாம்மா?"

"போகல," என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

"போக வேணாம்," என்றார் பாய். "கோவத்தோடயே பக்கத்துல நில்லு. நீ நின்னாதான் இந்த வெரலு அடங்குது."